முக்கால்வாசி ஒரிஜினல்

செகண்ட் ஹாண்ட் ரோலெக்ஸ் வாங்கப் போகிறவருக்கு ஊரே இலவசமாகத் தரும் முதல் டிப்ஸ் இது: ‘செகண்ட் முள்ளைப் பாருங்க சார். டிக் டிக்னு குதிச்சா டூப்ளிகேட், வழுக்கிட்டுப் போனா ஒரிஜினல்.’

ஒரு காலத்தில் சரிதான். போலிகளின் வயிற்றில் மலிவான குவார்ட்ஸ் மெஷின் இருந்த காலம் அது. நொடிக்கு ஒரு குதி, கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு? ரோலெக்ஸின் முள்ளே வழுக்குவதில்லை. நொடிக்கு எட்டு முறை குதிக்கிறது. நம் கண்ணுக்குத்தான் வழுக்கலாகத் தெரிகிறது. சீனாவில் தயாராகும் சாதாரண ஆட்டோமேடிக் மெஷின்களும் அதே எட்டு குதி குதிக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், 1977-ல் ரோலெக்ஸே ‘ஆய்ஸ்டர்குவார்ட்ஸ்’ என்று ஒரு பேட்டரி வாட்ச் கொண்டுவந்து இருபது வருடத்துக்கு மேல் விற்றது. அது நொடிக்கு ஒரு தடவைதான் குதிக்கும். ஆக, இந்தப் பரீட்சையில் போலி பாஸ், அசல் ஃபெயில்.

மற்ற டிப்ஸ்களும் இதே ரகம்தான். ‘கையில் வெச்சுப் பாருங்க, கனமா இருக்கணும்’ என்பார்கள். பழைய ரோலெக்ஸ்களின் சங்கிலி தகடு மடித்துச் செய்தது, உள்ளே கூடு. எடை போட்டால் நல்ல இரும்பில் செய்த போலிதான் ஜெயிக்கும். ‘தேதிக்கு மேல் இருக்கும் லென்ஸ் இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டணும்’ என்பார்கள். கண்ணாடி உடைந்து, உள்ளூர்க் கடையில் வேறு கண்ணாடி போட்டுக்கொண்ட நிஜ ரோலெக்ஸ் அங்கேயே தோற்றுவிடும். சீரியல் நம்பர்? ஒரே ஒரு அசல் வாட்சைப் பார்த்து, அதே நம்பரை எத்தனை போலிகளில் வேண்டுமானாலும் பொறிக்கலாம். பெட்டி, கார்டு எல்லாம் இருக்கிறதே என்றால், காலிப் பெட்டிகளுக்கும் தனி மார்க்கெட் இருக்கிறது.

எனக்கு இந்த டிப்ஸ்களின் மேல் கோபம், அவை பழசாகிவிட்டன என்பதால் மட்டும் இல்லை. ஒரு வாட்ச் என்றால் ஒன்று முழுசாக அசல், இல்லாவிட்டால் முழுசாகப் போலி என்று அவை நம்மை நினைக்க வைக்கின்றன. செகண்ட் ஹாண்ட் மார்க்கெட்டில், அதிலும் பழைய வாட்சுகளில், பணம் போவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

2021 நவம்பரில் ஜெனிவாவில் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஒரு ஏலம் நடத்தியது. 1957-ல் அறிமுகமான முதல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மாடலில் ஒரு வாட்ச். கறுப்பு டயல் வெயிலிலும் வயதிலும் வெளிறிக் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. ‘ட்ராபிகல்’ என்று பெயர் வைத்து, அதற்காகவே உயிரை விடும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஃபிலிப்ஸ் போட்ட மதிப்பீடு 80,000-லிருந்து 1,20,000 சுவிஸ் ஃப்ராங்க். போன விலை 31 லட்சத்துக்கும் மேல். அன்றைய கணக்கில் சுமார் 25 கோடி ரூபாய். ஒரு பழைய இரும்பு வாட்சுக்கு!

2023-ல் குட்டு உடைந்தது. அது தனியாகப் பிறந்த வாட்ச்சே இல்லை. பெரும்பாலும் அசல் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒட்டு மாங்கனி. இந்த வகையை ‘ஃப்ராங்கன் வாட்ச்’ என்கிறார்கள், பிணங்களைத் தைத்து உருவான அந்த ஃப்ராங்கன்ஸ்டைன் பூதத்தின் ஞாபகமாக. சரி, இதில் ஏமாந்த கோடீஸ்வரர் யார்? சாட்சாத் ஒமேகாதான்! தன் மியூசியத்துக்கென்று வாங்கியிருக்கிறது. வாங்கச் சொல்லி மேலிடத்தைச் சம்மதிக்க வைத்தவர் அந்த மியூசியப் பிரிவிலேயே வேலை பார்த்தவர். முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு இதில் பங்கு உண்டு என்று ஒமேகாவே வெளியில் சொல்ல வேண்டி வந்தது.

பெற்றவளுக்கே பிள்ளை அடையாளம் தெரியவில்லை. நாம் பத்து பாயின்ட் டிப்ஸைப் படித்துவிட்டு, பைக்கை ஸ்டாண்ட் போட்டபடியே கண்டுபிடிக்கக் கிளம்புகிறோம்.

நம் ஊரில் இதன் ஏழைத் தம்பி ஒருவன் இருக்கிறான், ரீ-டயல். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மாமாக்களும் சித்தப்பாக்களும் அந்தக் காலத்தில் கொண்டுவந்த ஒமேகா, ஃபேவர் லூபா, டிஸ்ஸோ. டயல் கறுத்துப் போயிருக்கும். அதைச் சுரண்டி, புது பெயின்ட் அடித்து, பெயரை மறுபடி அச்சிட்டு, பளபளவென்று விற்கிறார்கள். உள்ளே மெஷின் நிஜம்தான். ஆனால் டயல் போனால் சேகரிப்பாளர் கண்ணில் பாதி மதிப்பு போச்சு. ரீ-டயல் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரிஜினல் விலைக்கு விற்பதற்கு வேறு பெயர் உண்டு.

இதைப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமையும் ஒரு லென்ஸும் போதும். எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக் கட்டைகளோடு நேராக நிற்கின்றனவா, ஆறு மணிக்குக் கீழே இருக்கும் ‘ஸ்விஸ்’ என்ற பொடி எழுத்து பாதி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் விளக்கை அணையுங்கள். அறுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை இருட்டில் ஒளிர்வதற்கு ட்ரிட்டியம் பூசினார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதன் சக்தி பாதியாகிவிடும். 1965 மாடல் என்று சொல்லப்படும் வாட்ச் ராத்திரி பூரா பச்சையாக ஜொலித்தால், பூச்சாவது புதுசு, இல்லை டயலே புதுசு.

இதையெல்லாம்விட முக்கியம், பின்மூடியைத் திறப்பது. உங்களுக்குத் தெரிந்த வாட்ச் மெக்கானிக் முன்னால், பணம் கைமாறுவதற்கு முன்னால். பழைய ஒமேகாவில் சீரியல் நம்பர் மெஷினிலும், மாடல் நம்பர் மூடியின் உட்புறமும் இருக்கும். இரண்டும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ‘திறந்தா வாட்டர் ப்ரூஃப் போயிடும் சார்’ என்று விற்பவர் நெளிந்தால், பிரஷர் டெஸ்ட் செலவு என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் நெளிந்தால் நடையைக் கட்டலாம். கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் காட்டுவது இன்னொரு வழி. போலியை அவர்கள் சர்வீஸுக்கு எடுப்பதில்லை.

அலைய முடியாதவர்களுக்கு ரோலெக்ஸே 2022 டிசம்பரில் ஒரு வழி திறந்தது. பழைய வாட்சைத் தானே சோதித்து, இரண்டு வருட கேரன்டியோடு அங்கீகாரம் பெற்ற கடைகள் மூலம் விற்பது. விலை கூடத்தான். அந்தக் கூடுதல், வாட்சுக்கு இல்லை, ராத்திரித் தூக்கத்துக்கு.

தனி ஆளிடம்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பில். பி.காமில் நாங்கள் உருப்போட்ட 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் ‘வாங்குபவன் உஷார்’ என்ற 16-வது பிரிவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முந்தின 15-ஐ யாரும் கண்டுகொள்வதில்லை. வர்ணனை சொல்லி விற்றால், சரக்கு அந்த வர்ணனைக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது அது. ஆகவே வர்ணனை பேப்பரில் இருக்க வேண்டும். பிராண்ட், மாடல் நம்பர், சீரியல் நம்பர், ‘டயல் ஒரிஜினல், மெஷின் ஒரிஜினல்’ என்ற வார்த்தைகள், கீழே கையெழுத்து. ‘பழைய கைக்கடிகாரம், ஒன்று’ என்று எழுதிக் கொடுத்தால், நாளைக்கு நீங்கள் கோர்ட்டில் நிற்கும்போது அவர் கொடுத்ததும் அதேதான்: பழசு, கைக்கடிகாரம், ஒன்று.