எவருடைய அறம்?

“அது அந்தக் காலத்து நியாயம், அதனை இந்தக் காலத்து அளவுகோலால் அளத்தல் முறையன்று” என்னும் வாசகம் எமது விமரிசன மேடைகளிலும் வகுப்பறைகளிலும் அடிக்கடி ஒலிக்கின்றது. பழைய இலக்கியமொன்றிலே பெண்ணடிமை போற்றப்படுவதை ஒருவர் சுட்டிக்காட்டினாலும், யாழ்ப்பாணச் சமூகத்தைச் சித்திரிக்கும் நாவலொன்றிலே வரும் சாதிக்கொடுமையை மற்றொருவர் கண்டித்தாலும் இவ்வாசகமே விடையாக வருகின்றது. விவாதமும் அத்துடன் முடிந்துவிடுகின்றது. விழுமியங்கள் காலந்தோறும் இடந்தோறும் மாறுவன. ஆதலின் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை எடைபோட இயலாது. அவரவர்க்கு அவரவர் உண்மை என இவ்வாதம் விரிகின்றது. மார்க்சியம் பயின்ற இளைஞர் சிலரும் இதனை முற்போக்கான கருத்தென மயங்கி ஏற்பதைக் காண்கின்றோம். அம்மயக்கத்தைத் தெளிவித்தல் விமரிசனத்தின் கடமைகளுள் ஒன்றென நாம் கருதுகின்றோம்.

இவ்வாதத்தின் முற்பாதி உண்மை என்பதனை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அறக்கருத்துக்கள் வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. மனிதர் உழைத்து, உண்டு, உறவாடும் முறைகள் மாறும்போது நன்று தீது பற்றிய அவர்தம் எண்ணங்களும் மாறுகின்றன. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த உத்தியோகத்தரான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தளித்தார். பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். தேசவழமை என வழங்கும் அத்தொகுப்பிலே காணி, சீதனம், ஈடு ஆகியவை பற்றிய விதிகளோடு அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. மனிதரை மனிதர் உடைமையாகக் கொள்வது அங்கே பாவமாக எழுதப்படவில்லை, ஊர்வழக்கமாகவே எழுதப்பட்டது. 1806ஆம் ஆண்டிலே பிரித்தானியர் அத்தொகுப்புக்குச் சட்டவலு வழங்கினர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. வழக்கமாயிருந்த ஒன்று 137 ஆண்டுகளுக்குள்ளே சட்டத்தின் முன் நில்லாத ஒன்றாயிற்று. அறம் மாறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அன்றியும், விழுமியங்களைச் சார்புநிலையில் நோக்கும் கொள்கை பிறந்தபோது அஃது ஓர் உயர்ந்த நோக்கத்துடனேயே பிறந்தது. தமது ஒழுக்கமே மனிதகுலத்தின் ஒழுக்கமென நம்பிய ஐரோப்பிய ஆட்சியாளரும் பாதிரிமாரும் ஏனைய மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று தீர்ப்பிட்டு வந்தனர். அந்த அகந்தைக்கு எதிராகவே பிரான்ஸ் போவாஸ் முதலிய மானிடவியலாளர் குரலெழுப்பினர். அவருடைய மாணவி ரூத் பெனடிக்ற் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், ஒவ்வொரு பண்பாடும் தனக்கென ஓர் அமைதியுடையது என்பதை உலகுக்கு எடுத்துரைத்தது. மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்த 1947ஆம் ஆண்டிலே அமெரிக்க மானிடவியற் சங்கம், மேற்குலகின் விழுமியங்களை உலகப் பொதுவெனத் திணித்துவிடலாகாது என்று எச்சரித்தது. அடிமைப்பட்ட நாடுகளின் மக்களாகிய எமக்கு அக்குரல் இனித்ததில் வியப்பில்லை.

ஆயின் ஆண்டானை நோக்கி ஓங்கிய ஆயுதம் விரைவிலேயே ஆண்டானின் கைக்கு மாறிவிடுவதுண்டு. எமது மண்ணில் நிகழ்ந்ததும் அதுவே. 1924ஆம் ஆண்டிலே தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் இயக்கத்தினர் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வற்புறுத்தியபோது, “எமது வழக்கம் இதுவன்று” என்பதே எதிர்ப்பாளரின் விடையாயிற்று. 1931ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தோர் வரிசையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவரும் இருந்தனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதியின் பேரால் ஒருவரைத் தடுத்தல் குற்றமெனக் கூறியது. எனினும் பதினோராண்டுகளின் பின்னர், 1968ஆம் ஆண்டிலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. அவர்களைத் தடுத்து நின்றோரின் முன்னணியிலே நின்றவர் எழுத்தறிவற்ற கிராமவாசியல்லர். கணிதப் பேராசிரியராகவும் நாட்டின் அமைச்சராகவும் விளங்கிய சி. சுந்தரலிங்கம் அவர்கள். மரபைக் காத்தல் என்பதே அன்று முன்வைக்கப்பட்ட நியாயம்.

இங்கேதான் நாம் நின்று வினவுதல் வேண்டும். எவருடைய மரபு? கோயிலின் உள்ளே நின்றவருக்கும் வெளியே நின்றவருக்கும் ஊர் ஒன்றே; மொழி ஒன்றே; கும்பிட்ட தெய்வமும் ஒன்றே; காலமும் ஒன்றே. ஆயின் அவ்வழக்கம் ஒருவருக்கு மாண்பாகவும் மற்றவருக்கு இழிவாகவும் இருந்தது. தேநீர்க்கடையிலே ஒருவன் கிளாசிலும் மற்றவன் போத்தலிலும் குடித்தபோது அவ்விருவரும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்தவரல்லர். ‘அந்தக் காலத்து நியாயம்’ என்று சொல்வோர் ஒரு காலத்துக்கு ஒரே மனம் இருந்ததாகக் கொள்கின்றனர். அவ்வாறு எக்காலமும் இருந்ததில்லை. தேசவழமையை ஒப்பியவர் பன்னிரண்டு முதலிமார்; அதிலே உடைமையெனக் குறிக்கப்பட்ட மனிதருள் ஒருவரையேனும் அழைத்து அபிப்பிராயம் கேட்டதாக அத்தொகுப்பிலே ஒரு சொல்லும் இல்லை. கேட்டிருந்தால் அந்தக் காலத்து நியாயம் இரண்டாகப் பிளந்திருக்கும்.

ஆகவே விழுமியங்களின் மோதல் ஒரு காலத்துக்கும் மற்றொரு காலத்துக்கும் இடையிலே மாத்திரம் நிகழ்வதன்று. ஒவ்வொரு காலத்தின் உள்ளேயும் நிகழ்வது. ஒரு வழக்கத்தின் பயனைத் துய்ப்பவரின் குரல் ஏட்டில் ஏறுகின்றது; அதன் சுமையைத் தாங்குபவரின் குரல் காற்றிலே கரைகின்றது. பின்வந்தோர் ஏட்டை மாத்திரம் படித்துவிட்டு, அதுவே அக்காலத்தின் அறம் என்கின்றனர். இது நடுவுநிலைமையன்று, வென்றவனின் சாட்சியத்தை மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பு.

ஈழத்து முற்போக்கு இலக்கியம் செய்த பெரும்பணி யாதெனில், கரைந்துபோன அந்த இரண்டாவது குரலை ஏட்டில் ஏற்றியமையே. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960ஆம் ஆண்டில் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. பேச்சுமொழியில் எழுந்த இத்தகைய எழுத்துக்களைப் பண்டிதர் சிலர் ‘இழிசனர் வழக்கு’ என்று புறந்தள்ள முனைந்தனர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972ஆம் ஆண்டிலும் ‘அடிமைகள்’ 1984ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சட்டப் புத்தகத்திலே அடிமைமுறை ஒழிந்து 140 ஆண்டுகளுக்குப் பின்னரும் தமது நாவலுக்கு அப்பெயரைச் சூட்ட அவருக்குக் காரணம் இருந்தது. அந்நாவல்களின் கலைக்குறைகளைப் பற்றி வாதிக்கலாம்; நாமும் வாதிப்போம். ஆயின் அவற்றைப் படித்து முடித்தபின், “அன்று எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்” என்று எவரும் சொல்லல் இயலாது. அன்றும் எல்லாரும் அவ்வாறு நினைக்கவில்லை என்பதற்கு அந்நாவல்களே சாட்சி.

நிற்க. இவ்வளவும் பிறரைச் சாடுதற்கு மாத்திரம் கூறினோமாயின் நாமும் அதே தவற்றைச் செய்தவராவோம். காலத்தின் தேவை என்னும் போர்வையை இடதுசாரிகளும் போர்த்திக்கொண்டதுண்டு. 1956ஆம் ஆண்டிலே சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, இரு மொழிகளுக்கும் சம உரிமை வேண்டி நின்ற லங்கா சமசமாசக் கட்சி, 1966ஆம் ஆண்டு சனவரியிலே தமிழ்மொழிப் பிரமாணங்களை எதிர்த்தோரின் அணியிலே நின்றது. 1956இல் மொழிச் சமத்துவத்துக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வா அவர்களே 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சர். அவ்வரசியலமைப்பு சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் விதித்தது. தந்திரோபாயம் மாறியது என்றனர். விலை கொடுத்தவர் தமிழ்பேசும் மக்கள்.

தமிழராகிய எமக்கும் இக்கணக்கு உண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடமாகாணத்து முஸ்லிம் மக்கள், 70,000இற்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரிலே அவர்களுக்குச் சில மணிநேர அவகாசமே கொடுக்கப்பட்டது. போர்க்காலத்தின் நியாயம் வேறு என்று அன்று பலர் சொன்னோம். சொல்லாதவருள்ளும் பலர் மௌனமாயிருந்தோம். 2002ஆம் ஆண்டிலே அவ்வியக்கத்தின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அது தவறென ஒப்புக்கொண்டார். ஆயின் அது 2002ஆம் ஆண்டிலா தவறாயிற்று? வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுடன் நடந்த தாய்க்கு அன்றே அது தவறு. அவளிடம் கேட்டிருந்தால் காலம் கனியும்வரை காத்திருக்க வேண்டியிருந்திராது.

அவ்வாறாயின் என்றும் மாறாத அளவுகோல் ஒன்றை நாம் கற்பிக்கின்றோமா? இல்லை. அறம் வர்க்கங்களின் வாழ்நிலையிலே வேரூன்றியது என்று ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலிலே எடுத்துக்காட்டிய ஏங்கெல்ஸ், அறத்திலே ஒட்டுமொத்தமாக முன்னேற்றம் உண்டு என்பதையும் அந்நூலிலேயே ஏற்றுக்கொண்டார். மாற்றம் என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு முன்னேற்றம் என்ற சொல்லைக் கைவிடுவோர் அவரைப் பாதியே படித்தவர். முன்னேற்றத்தை அறிவதெப்படி? ஒரு விதியின் சுமையைத் தாங்குபவர் முன்னிலையிலே அதனை நியாயப்படுத்த இயலுமா என்று கேட்டல் வேண்டும். மனிதர் என்று எண்ணப்படுவோரின் வட்டம் அதனால் விரிகின்றதா, சுருங்குகின்றதா என்று நோக்கல் வேண்டும். இவ்வளவுகோல் எவருடைய பண்பாட்டிலிருந்தும் கடன் வாங்கப்பட்டதன்று. மாவிட்டபுரத்து வாயிலிலே இருந்தவர் அதனை மேலைநாட்டு நூலிலே படிக்கவில்லை. தம் வாழ்விலே கற்றனர்.

பழைய நூலொன்றை வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர், அதன் காலத்தை விளக்குதல் வேண்டும். விளக்காது தீர்ப்பளித்தல் அறியாமை. ஆயின் விளக்கியதோடு நின்றுவிடுதல் கோழைமை. அந்நூலிலே பேசாதவர் எவர், பேசவிடப்படாதவர் எவர் என்று மாணவரைக் கேட்கச் செய்தல் வேண்டும். நாளை எம்முடைய காலத்தையும் ஒருவர் படிப்பார். “அது அந்தக் காலத்து நியாயம்” என்று அவர் எம்மை மன்னிக்க முற்படுவாராயின், இன்று எம் நடுவே வாய்திறக்க முடியாதிருப்பவர் அம்மன்னிப்பை ஏற்கமாட்டார். அவர் குரலை இன்றே கேட்டு எழுதுதல் எம் கடன்.