குழாய் பார்த்த திசை

சென்னை வானொலியின் மாலை ஆறரை மணி மாநிலச் செய்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாசித்தவரின் குரல்வளத்தைச் சொல்வார்கள், உச்சரிப்பைச் சொல்வார்கள். பெட்டி எங்கே இருந்தது என்று கேட்கமாட்டார்கள்.

பள்ளிப்பட்டு, 1960-இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த வட்டாரம். ஒரு காதில் தெலுங்கு, மறு காதில் தமிழ். அந்த ஆறரை மணி, கழனியிலிருந்து ஆளுங்க திரும்புற நேரம். பஞ்சாயத்து ரேடியோ ஊருக்குள்ள. குழாயும் ஊரைப் பார்த்துதான். சேரிக்காரர் ஏரிக்கரையில நின்னு, காத்து கொண்டாந்து போட்டதக் கேட்டுக்கணும். கிட்டப் போய்க் குந்தினா, "இன்னாடா, உனக்கு நியூஸ் கேக்குதா?" அரசாங்கம் பொதுவில் வைத்த பெட்டி ஊர்ச்சொத்தான கதை இது. பொதுக்கிணறு கதையேதான்.

எழுதப்பட்ட வரலாறு 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப், 1930-இல் மாநகராட்சி வானொலி, 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலி என்று நிலையத்தின் வரலாறாகவே போகிறது. கேட்கவிடாமல் துரத்தப்பட்டவருக்கு அதில் ஒரு வரி கிடையாது.

செய்திமொழிக்கு வருவோம். 'இரு தரப்பினரிடையே மோதல்': வானொலியும் பத்திரிகையும் சேர்ந்து வளர்த்த வாசகம். வெட்டினவனும் தரப்பு, வெட்டுப்பட்டவனும் தரப்பு. இதை வெண்மணிமேல் வைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தப் பெண்களும் குழந்தைகளும் யாரோடு மோதினார்கள்? சாதியின் பெயரைச் சொல்லாமல் விடுவது நடுநிலையாம். பெயர் மறைவதால் லாபம் யாருக்கு?

1995-இல் உச்சநீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்றது. பிறகு தனியார் எஃப்.எம். வந்தது. ஆபீஸ் விட்டு வண்டியில போறவங்களுக்குப் பாட்டு, அரட்டை, விளம்பரம். சொந்தச் செய்திக்கு அனுமதியில்லை. 2019-இல் கிடைத்ததும் அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பும் உரிமைதான். தீர்ப்பு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் வானொலிச் செய்தி ஒரே கையில்தான் இருந்தது.

அதே தெலுங்கில், அன்றைய மேடக் மாவட்டத்து மச்னூரில், 2008-இல் சங்கம் ரேடியோவில் பேசத் தொடங்கியவர்கள் தலித் பெண்கள். விதை, பயிர், கைவைத்தியம், பாட்டு எல்லாம் அவர்கள் பேச்சுமொழியிலேயே. ஆனால் சமுதாய வானொலிக்கு வழிவிட்ட 2006-இன் கொள்கையும் சொந்தச் செய்தியைத் தடுத்தது. வாயைத் திறக்கலாம், நேத்து ராத்திரி தெருவுல நடந்ததச் சொல்லக்கூடாது!

1927-இல் மகாடில் அண்ணல் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்தார். அலைவரிசையும் பொதுச்சொத்துன்னா, அதுலயும் நம்ம கை இறங்கணும்.