பின்னால் ஏறிக்கோங்க

பூம்பாறை தாண்டிக் கூக்கால் போகும் வழியில் பூண்டும் கேரட்டும் சுமந்து தேய்ந்த பழைய ஃபோர் வீல் பிக்கப்பை ஆள் ஏற்றும் வண்டியாக்க, பெஞ்சு போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெஞ்சு சின்ன வேலை. பழைய ஜீப்பில் இருப்பதுபோலச் சக்கர மேட்டின் மேலேயே எதிரெதிராக இரண்டு. முழங்கால் இடிக்கும், பரவாயில்லை.

சூட்சுமம் அடியில். மூட்டைக்கென்று அடுக்கிய ஸ்பிரிங் பட்டா, நாலு பேரை மதிக்காது. பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடும். நல்ல மிஸ்திரி ஒரு பட்டாவை உருவிவிடுவார். பெஞ்சின் போல்ட்டைத் தகரத்தோடு விடமாட்டார். கீழே கனத்த பிளேட் வைத்துச் சேஸோடு சேர்த்து முறுக்குவார். ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் தனி அலைச்சல். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்குத்தான்.

எனக்குப் பிடித்தது சைலன்சர் குழாய். தார்ப்பாய் மூடிய வண்டி ஓடும்போது பின்வாசலில் காற்றழுத்தம் குறைந்து, டீசல் புகை உள்ளேயே திரும்பி வரும். மலைக்குளிரில் தார்ப்பாயைச் சுருட்டவும் மனம் வராது. தெரிந்தவர் குழாயை நீட்டி, பக்கவாட்டில் வளைத்து, பாடிக்கு வெளியே விட்டு வெல்டிங் வைப்பார். அந்த வளைவைப் பார்த்தே எந்தப் பட்டறை வேலை என்று சொல்லிவிடலாம்.