கோலின் மௌனமும் லூக்காஸின் சான்றும்

கணிதத்தில் ஈடுபாடுடையோரிடையே நெடுநாளாக வழங்கும் கதை ஒன்றுண்டு. 1903ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில், பேராசிரியர் கோல் எழுந்து கரும்பலகைக்குச் சென்றார். வாய் திறவாமல் 2-இன் 67ஆம் அடுக்கைக் கண்டு அதில் ஒன்றைக் கழித்தார். 147,573,952,589,676,412,927 என வந்தது. பலகையின் மறுபுறத்தில் 193,707,721-ஐ 761,838,257,287-ஆல் பெருக்கினார். அதே விடை! அவையோர் கைதட்ட, அவர் அமர்ந்தார். இக்கதையைத் தம் 1951ஆம் ஆண்டு நூலில் சுவைபட எழுதிப் பரப்பியவர் இ. டி. பெல். எத்துணைக் காலம் பிடித்தது என்று கேட்டதற்கு, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடையிறுத்ததாகவும் அவர் கூறுவார்.

கதை இனிது. ஆயின், அஃது இன்று வழங்கும் முறையில் பெருங்குறை ஒன்றுண்டு. மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644இல் இவ்வெண்ணைப் பகா எண் என்றார். அக்கூற்றைக் கோலே முதன்முதல் தகர்த்தார் என்று கேட்போர் கொள்கின்றனர். உண்மை அதுவன்று. இது பகா எண்ணன்று என்பதை 1876ஆம் ஆண்டிலேயே லூக்காஸ் நிறுவிவிட்டார். வியப்பு யாதெனில், அதன் காரணிகளுள் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது!

காரணி அறியாமல் நிறுவுதல் எங்ஙனம்? லூக்காஸின் வழியைப் பின்னர் லேமர் எளிதாக்கினார். அவ்வடிவில் அதனைச் சிறிய எண்ணால் விளக்கலாம். 2-இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைய 31. நான்கில் தொடங்குக. வர்க்கம் கண்டு 2-ஐக் கழிக்க 14. அதனையும் அவ்வாறே செய்ய 194; அதை 31-ஆல் வகுக்க மீதி 8. எட்டின் வர்க்கத்தில் 2 கழிக்க 62. 31-ஆல் வகுக்க மீதியில்லை. ஐந்தில் இரண்டு குறைய, மூன்றாம் படியில் மீதி ஒழிந்தமையால் 31 பகா எண். அடுக்கு 67 ஆயின் படிகள் 65. ஈற்றில் மீதி நின்றுவிடுகிறது. ஆதலின் அது பகு எண்.

காரணி தேடுதலோ வேறு தொழில். இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், 134-ஆல் வகுக்க மீதி 1 வரும். 135, 269, 403 என்று செல்லும் அவ்வரிசையில், கோல் கண்ட சிறிய காரணி 1,445,580ஆம் இடத்தில் நிற்கிறது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் வேலையன்று அது. இருபடி எச்சங்களைக் கொண்டு அவர் தேடலைச் சுருக்கினார். அவருடைய கட்டுரை அச்சில் அம்முறையை விளக்கவே செய்கிறது; கதைதான் அதனை மௌனத்துள் மறைத்துவிட்டது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. கதையை மட்டும் கேட்கும் மாணவன், கணிதமென்பது சலியாத பெருக்கலே என்று எண்ணுவான். ஓர் எண் பகுபடும் என அறிதல் ஒன்று; எதனால் பகுபடும் என அறிதல் மற்றொன்று. முன்னது எளிதாகவும் பின்னது அரிதாகவும் இருப்பதே, இன்று கணிப்பொறிகளுக்கிடையே செல்லும் மறைசெய்திகள் பலவற்றுக்குக் காவல்.

கதையை விலக்க வேண்டுவதில்லை. கோலின் பெயரைச் சொல்லுமுன் லூக்காஸின் பெயரையும் சொல்லுக. பெருக்கிக் காட்டிய பின் 31-ஐயும் செய்து காட்டுக. அப்பொழுதே கதை கணிதப் பாடமாகும்.