ஆள் குறைந்தால் அபராதம்

2023 ஜனவரி 9ஆம் தேதி காலை ஆறு மணிக்கு, நியூயார்க் நகரின் மவுண்ட் சைனாய், மான்டிஃபியோரி என்ற இரு தனியார் மருத்துவமனைகளின் செவிலியர் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். மூன்றே நாள், 12ஆம் தேதி விடியும் முன்பே உடன்பாடு வந்துவிட்டது. அந்த உடன்பாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது 19.1 விழுக்காடு ஊதிய உயர்வைத்தான். முதல் ஆண்டு 7, அடுத்து 6, பிறகு 5 என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூன்றாண்டில் சேரும் உயர்வு அது. ஆனால் அந்த எண்ணை வைத்து இந்தப் போராட்டத்தை எடைபோட்டால் கணக்கு தவறிவிடும். அதே 19.1 விழுக்காட்டைத் தருவதாக நிர்வாகங்கள் முன்னரே சொல்லியிருந்தன. ஊதியம் மட்டுமே குறியாக இருந்திருந்தால், ஜனவரிக் குளிரில் யாரும் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள்.

மோதல் வேறொரு எண்ணைப் பற்றியது: ஒரு ஷிப்டில் ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைப் பார்ப்பது? முந்தைய ஒப்பந்தத்திலும் இதற்கு எண்கள் இருந்தன. மீறினால் நிர்வாகத்துக்கு வலிக்கவில்லை என்பதுதான் குறை. நியூயார்க் மாநிலச் செவிலியர் சங்கம் 2023இல் கேட்டது, அந்த எண்ணுக்குப் பின்னால் பணம் நிற்க வேண்டும் என்பதை. ஆள் குறைந்த ஷிப்டுகள் தொடர்ந்தால் நடுவரிடம் போகலாம். அவர் விதிக்கும் தொகை, அந்தச் சுமையைத் தாங்கிய செவிலியருக்கே போகும். சில மாதங்களிலேயே மவுண்ட் சைனாயின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இது சோதிக்கப்பட்டது. நடுவர் 1,27,000 டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னார். மான்டிஃபியோரியில், நடைபாதையில் நோயாளிகள் படுத்துக் கிடக்கும் அவசரப் பிரிவு உட்பட, புதிதாக 170 செவிலியர் பணியிடங்களுக்கு நிர்வாகம் இசைந்தது.

ஆள் எண்ணிக்கை ஏன் நியாயத்தைப் பற்றிய கேள்வி? மான்டிஃபியோரி இருப்பது பிராங்ஸில். நகரின் ஐந்து பகுதிகளில் அதுவே மிக ஏழ்மையானது. மக்களில் பெரும்பாலோர் லத்தீனோக்களும் கறுப்பினத்தவரும். ஆள்பற்றாக்குறை அங்கே செவிலியரின் முதுகில் மட்டும் ஏறுவதில்லை. படுக்கையில் கிடப்பவரின் உயிரிலும் ஏறுகிறது. லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை இதை அளந்து காட்டியது: செவிலியர் ஒருவருக்குக் கூடுதலாக ஒவ்வொரு நோயாளி சேரும்போதும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. சங்கத்தின் வாதத்துக்கு இதைவிட வலுவான தூண் இல்லை.

அதே தராசின் மறுதட்டில் இன்னோர் ஆய்வையும் வைத்தாக வேண்டும். ஜானதன் குரூபர், சாமுவேல் கிளைனர் என்ற இரு பொருளியலாளர்கள், 1984 முதல் 2004 வரை இதே நியூயார்க் மாநிலத்தில் நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களை ஆராய்ந்தார்கள். அந்த நாட்களில் மருத்துவமனைக்குள் நிகழ்ந்த இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. மாற்றுச் செவிலியரை அமர்த்திய இடங்களிலும் நிலைமை தேறவில்லை. சங்கத்தை ஆதரிக்கும் நானும் இதைத் தாண்டிப் போக முடியாது. வேலைநிறுத்தத்துக்கு உயிர்விலை உண்டு.

அப்படியானால் எது நியாயப்படுத்தும்? கால அளவும், முன்னறிவிப்பும், கேட்பது என்ன என்பதும். அமெரிக்கச் சட்டப்படி மருத்துவமனையில் வேலைநிறுத்தம் செய்யப் பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். மவுண்ட் சைனாய் அந்த இடைவெளியில் பச்சிளங்குழந்தைகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றியது. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளை நிறுத்தியது. பேரத்தின் உண்மையான வேலையும் அந்தப் பத்து நாளில்தான் நடந்தது. அறிவிப்புப் பெற்ற மற்ற மருத்துவமனைகள் யாரும் வெளியேறாமலே இசைந்தன. மூன்று நாள் ஆபத்து ஒருபுறம், ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு இரவும் தொடரும் ஆபத்து மறுபுறம் என்று நிறுத்தினால், தட்டு செவிலியர் பக்கமே சாய்கிறது. மூன்று நாள் மூன்று வாரமாகியிருந்தால் இதே உறுதியோடு எழுதியிருக்க மாட்டேன்.

நிர்வாகத்தரப்பின் இன்னொரு வாதம், செவிலியர் கிடைக்கவில்லை என்பது. கொரோனாவுக்குப் பிறகு பலர் வேலையை விட்டது உண்மை. ஆனால் அவர்களில் சிலர் ஏஜென்சி வழியாகத் தற்காலிகச் செவிலியராக, பல மடங்கு கூலிக்கு, அதே வார்டுகளுக்குத் திரும்பி வந்ததும் உண்மை. ஆட்கள் இருந்தார்கள். நிரந்தர வேலைக்குரிய ஊதியத்திலும் சுமையிலும் நீடிக்கத்தான் அவர்கள் தயாராக இல்லை.

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, வேலைநிறுத்தமே செய்ய முடியாதவர்களின் கதை. நியூயார்க்கில் 1967ஆம் ஆண்டின் டெய்லர் சட்டம் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. நகரின் 11 பொது மருத்துவமனைகளின் செவிலியருக்கும் அது பொருந்தும். கோவிட் முதல் அலை மிகக் கடுமையாகத் தாக்கிய குவீன்ஸின் எல்ம்ஹர்ஸ்ட் அவற்றில் ஒன்று. காப்பீடு இல்லாதவர்களையும் புலம்பெயர்ந்தவர்களையும் தாங்கும் இந்த மருத்துவமனைகளின் செவிலியர்களில் பெரும்பாலோர் வெள்ளையரல்லாத பெண்கள். தனியார் செவிலியருக்கும் இவர்களுக்கும் இடையே ஆண்டு ஊதிய வேறுபாடு 20,000 டாலரை நெருங்கியிருந்தது. அதே படிப்பு, அதே உரிமம், அதிகச் சுமை, குறைந்த சம்பளம்.

2023 கோடையில் நடுவர் துணையோடு நடந்த பேச்சில் இவர்களுக்கு முதல் ஆண்டிலேயே 16,000 டாலருக்கும் மேல் உயர்வு கிடைத்தது. ஒரு நாள்கூட வேலை நிறுத்தாமல் கிடைத்தது. இதைக் காட்டி, நடுவர் தீர்ப்பே போதும், ஜனவரியில் ஆளுநர் கேத்தி ஹோக்குல் சொன்னபடி தனியார் செவிலியரும் நடுவரிடம் போயிருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் பாதி தூரம்தான் வரும். சம ஊதியம் கேட்க ஓர் அளவுகோல் வேண்டும். பொதுச் செவிலியரின் கையில் இருந்த அளவுகோல், தனியார் செவிலியர் ஜனவரியில் வென்று கொடுத்த ஊதியம். மிரட்டும் உரிமை உடையவர்கள் முன்னே போனதால், அந்த உரிமை இல்லாதவர்களுக்கு வழி திறந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. 2023 ஒப்பந்தங்களின் சிறந்த பகுதி 19.1 விழுக்காடு அல்ல. ஆள்பற்றாக்குறைக்கு விலை வைத்த விதியும், பொது மருத்துவமனைகளில் இடைவெளியைக் குறைத்த உயர்வும்தான். இரண்டும் சரியான இடத்தில் அடித்தவை. ஆனால் விதியில் மூன்று ஓட்டைகள் உள்ளன. அபராதம், வராத செவிலியரின் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தால், கட்டிவிட்டுப் போவதே லாபம் என்று நிர்வாகம் முடிவு செய்யும். அபராதம் வந்து சேர்வதும் தீங்கு நடந்த பிறகே. செவிலியருக்கு ஈடு கிடைக்கிறது. கவனிப்பாரின்றிக் கிடந்த நோயாளிக்கு எதுவும் இல்லை. வலுவான சங்கம் இல்லாத சிறு மருத்துவமனைகளை இந்த விதி எட்டுவதே இல்லை. கலிஃபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் மாநிலம் முழுவதற்கும் பொதுவான உச்சவரம்புகளை வைத்தது. நியூயார்க் 2021இல் நிறைவேற்றிய சட்டமோ மருத்துவமனைதோறும் ஒரு குழுவை அமைத்து, எண்ணை முடிவு செய்யும் பொறுப்பை அதனிடம் விட்டது. செவிலியர் சங்கம் அடுத்து அழுத்த வேண்டிய கதவு மருத்துவமனையுடையது அல்ல. ஆல்பனியில் உள்ள மாநிலச் சட்டமன்றத்துடையது.