பெயர் சொல்லாதவர்கள்

இந்த வாரம் ஒரு மந்திரவாதிக் கதை படித்தேன். இந்த வயதிலா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' அது. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனுக்கு அது கட்டுப்படும். ஆகவே தன் மெய்ப்பெயரை யாரும் லேசில் வெளியிடுவதில்லை.

இதை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. என் அம்மா கடைசி வரை அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. யாராவது கேட்டால் என்னை முன்னால் தள்ளுவாள். இருட்டிவிட்டால் பாம்புகூட அவளுக்குப் 'பேர் சொல்லாதது'தான்.

லெ குவினின் தந்தை ஆல்பிரட் குரோபர் மானிடவியல் அறிஞர். யாஹி குலத்தில் எஞ்சிய கடைசி மனிதர் 1911இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டார். தம் பெயரை மட்டும் சொல்லவில்லை. குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர்கள் பாஷையில் 'மனிதன்'. 1916இல் அவர் இறந்தபோது பெயரும் கூடவே போயிற்று. அந்த வீட்டில் 1929இல் பிறந்த பெண்ணுக்குப் பெயர் என்பது விளையாட்டாக இருந்திருக்குமா?

கதாநாயகன் கெட், சக மாணவனோடு வீம்புக்கு மோதி, செத்தவளின் ஆவியை அழைக்கப்போய் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். முதலில் அதற்கு அஞ்சி ஓடுகிறான். பிறகு அதையே துரத்துகிறான். முடிவில் பெரிய யுத்தம் எதிர்பார்த்தவர் ஏமாறுவார். அதைத் தன் பெயராலேயே கூப்பிடுகிறான், அவ்வளவுதான். புத்தகத்தின் உச்சம் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

ஒரு குறை. அந்த மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. ஆசிரியரே 1990இல் 'டெஹானு' எழுதி அந்த உலகத்தைப் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தார். பெயரைச் சொல்லாமலே ஒரு மனுஷரை நாற்பது வருஷம் கட்டி ஆண்ட என் அம்மாவை அங்கே வாத்தியாராகவே வைத்திருக்கலாம்.