கடைசி வரியைப் படிக்காத வைத்தியம்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ‘பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போடுங்கள்’ என்ற பிரசாரம் அதற்குச் சில மாதங்கள் முன்பே சூடுபிடித்துவிட்டது. காசு மிச்சம், குப்பை குறைவு, பத்து வருடத்து லேப்டாப் இன்னும் நாலைந்து வருடம் ஓடும். இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. என் மேசையில் இருப்பதும் 2010ஆம் வருடத்து இயந்திரம்தான். பிரசாரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வாக்குறுதிதான் உறுத்துகிறது: ‘பூட் ஆகவில்லையா? ஒரே ஒரு கட்டளை போதும்.’

அந்த ஒரு கட்டளை பலிக்கும் இடம் உண்டு. பழைய பயாஸ் கணினியில் விண்டோஸை மறுபடி நிறுவப்போய் லினக்ஸை எழுப்பும் கிரப் என்ற பூட் நிரல் அழிந்துவிட்டதென்றால், அதை மீண்டும் எழுதினால் கதை முடிந்தது. பூட்-ரிப்பேர் போன்ற கருவி வட்டின் நிலையை முழு அறிக்கையாக எழுதித் தருகிறது, அதுவும் நல்லதே. இரவு பதினொரு மணிக்கு இணையத்தில் முகம் தெரியாதவருக்குக் கூலியில்லாமல் பதில் சொல்கிறவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையைப் படிப்பவர் எத்தனை பேர்?

கணினி எழுந்திருப்பது ஒரே காரியம் அல்ல, கைமாற்றிக் கைமாற்றிப் போகும் காரியம். பழைய பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் நிரலுக்கென்று இருப்பது 446 பைட். அது கிரப்பின் மீதிப் பகுதியை அழைக்கும், கிரப் இயங்குதளத்தின் மையமான கர்னலை ஏற்றும், கர்னல் தற்காலிகக் கோப்பமைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு உண்மையான வட்டைத் தேடும். எந்தக் கையில் தடுமாறியது என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நிற்கும் இயந்திரத்தில் கிரப்புக்குத் தன் கோப்புகளே கிடைக்கவில்லை. கர்னல் இன்னும் வரவே இல்லை. அங்கே போய் ‘நோமோட்செட் போட்டுப் பாருங்கள்’ என்கிறார்கள். அது கர்னலுக்குச் சொல்லும் வார்த்தை. வராத விருந்தாளிக்கு இலை போடுகிற கதை. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் காட்டி நிற்பது நேர்மாறு: கிரப் தன் வேலையை முடித்துவிட்டது, கர்னல்தான் வட்டைக் காணாமல் விழிக்கிறது. அதற்கு மருந்து, கிரப்பை மறுபடி நிறுவுவதாம்.

லிலோ காலத்தில் இப்படி இல்லை. 2015 கடைசியில் வளர்ச்சி நின்றுபோன அந்தப் பழைய பூட் நிரல் தன் பெயரையே ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் எழுதும்; ஓர் எழுத்துக்கு ஒரு படி. ‘எல்’ மட்டும் வந்து பக்கத்தில் எண்கள் ஓடினால், இரண்டாம் கட்டத்தை எடுக்க முடியவில்லை. ‘எல்ஐ’யில் நின்றால், எடுத்தாயிற்று, இயக்க முடியவில்லை. நாலெழுத்தும் வந்தால் லிலோவின் பக்கம் பழுதில்லை. நாலே எழுத்தில் நாடி பார்த்துவிடலாம். இன்று உபுண்டுவும் அதன் வழிவந்தவையும் ‘குவயட் ஸ்பிளாஷ்’ என்ற இரண்டு சொற்களைக் கர்னலிடம் சொல்லி, அழகான சின்னம் ஒன்றைக் காட்டி, நடப்பதையெல்லாம் அதன் பின்னால் மறைத்துவிடுகின்றன. புதிய இயந்திரத்துக்கு அது சரி. உடல்நலமே சந்தேகமாக இருக்கும் பழைய இயந்திரத்துக்கு?

போன மழைக்காலத்தில் சித்தி மகள் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். “மூணு பேர்கிட்ட கேட்டேண்ணா. மூணு பேரும் ஆளுக்கொண்ணு சொன்னாங்க, எல்லாத்தையும் செஞ்சுட்டேன்.” சின்னம் வருகிறது, சுற்றுகிறது, திரை இருண்டுவிடுகிறது. கிரப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி அந்த இரண்டு சொற்களையும் நீக்கிவிட்டுத் தொடங்கினேன். வரிகள் மடமடவென்று ஓடி, ஓரிடத்தில் திக்கின. வட்டின் பெயர், செக்டார் எண், படிக்க முடியவில்லை என்ற புகார். அதே புகார் திரும்பத் திரும்ப. ஹார்டுடிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டிடி-ரெஸ்க்யூ கொண்டு முதலில் இன்னொரு வட்டுக்கு நகலெடுப்பது. அவளுக்குச் சொல்லப்பட்டதோ கோப்பமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளை, எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்ற ஒப்புதலோடு. இரண்டு தடவை ஓட்டியிருக்கிறாள். சாகிற வட்டின் மேல் எழுதச் சொல்லும் கட்டளை அது. அவள் மகனின் முதல் இரண்டு வருடப் படங்கள் ‘லாஸ்ட்-ஃபவுண்ட்’ கோப்புறையில் பெயரிழந்து, வெறும் எண்களாகக் கிடந்தன. பாதிக்கு மேல் திறக்கவில்லை.

கடைசி வரியை ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

புதிதாக வருகிறவருக்கு அந்த வரிகள் புரியாது, பயந்துவிடுவார் என்று வாதாடுகிறார்கள். புரிய வேண்டாமே. செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பத் தெரியாதவர் யார்? இதே ‘புதியவரை’, அர்த்தம் தெரியாத கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று சொல்லும்போது மட்டும் யாரும் பயப்படவில்லை. இன்னொரு பழக்கமான கட்டளை, கிரப்பை ‘எஸ்டிஏ’ என்ற பெயருள்ள வட்டில் நிறுவச் சொல்வது. பென்டிரைவிலிருந்து எழுப்பிய கணினியில் அந்தப் பெயர் சில நேரம் பென்டிரைவுக்கே போய்விடும். அப்புறம் பென்டிரைவைச் செருகினால் மட்டுமே பூட் ஆகும் அதிசயக் கணினி கிடைக்கும். இதைப் பரிவு என்கிறார்கள். நான் சோம்பல் என்கிறேன். (விண்டோஸின் தானியங்கிப் பழுதுபார்ப்பும் இதே ரகம்தான், ஆனால் அதைக் கண்டித்துத்தானே இந்தப் பக்கம் வந்தோம்?)

ஒன்றும் பலிக்காதபோது கடைசி ஆயுதம்: அழித்துவிட்டு மறுபடி நிறுவு. ஆனால் மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போனாலும் பூட் நிற்கலாம். கோப்பமைப்பில் கடைசியாக எழுதிய தேதி எதிர்காலத்தில் இருக்கிறதே என்று சோதனை நிரல் குழம்பிவிடும். அதைத் திரையிலேயே எழுதியும் காட்டும். மறுபடி நிறுவினால் அன்றைக்குச் சரியாகும். மின்சாரம் போய் வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு வில்லைக்காக ஒரு முழு வட்டை அழித்திருப்பார்கள்.

உதவி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒருவர் ‘பூட் ஆகவில்லை’ என்று வந்து நின்றால், கட்டளை எதுவும் கொடுப்பதற்கு முன் ‘குவயட் ஸ்பிளாஷ்’ என்ற அந்த இரண்டு சொற்களை நீக்கச் சொல்லி, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.